கல்லிலும் களத்திலும் ஓர் ஊர்

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். சென்னையை அடுத்த திருவொற்றியூர், சாத்தங்காடு, கத்திவாக்கம், வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் என்ற ஐந்து ஊர்களையும் 1708-இல் நவாப் தாவூத் கான் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். அடுத்து வந்த சாதத்துல்லா கான் திருப்பிக் கேட்டார். 1717-இல் தில்லி பாதுஷா பரூக்சியரின் பர்மான், அதாவது அரச ஆணை, வந்த பிறகு அவை மறுபடி கம்பெனிக்கே போயின. இதில் எந்த இடத்திலும் ஊராரைக் கேட்டதில்லை.

அதற்கு முந்தைய ஆட்சிகளைக் கோயில் கல்லில்தான் தேட வேண்டும். கல்வெட்டை எடுத்தால் முதலில் அரசனின் புகழைப் பாடும் மெய்க்கீர்த்தியைப் பாருங்கள். 'திருமன்னி வளர' என்று தொடங்கினால் முதலாம் ராஜேந்திரன். ஒற்றியூர்க் கோயில் விமானம் கற்றளியானது, அதாவது கல்லால் கட்டப்பட்டது, அவர் காலத்தில்தான். அடுத்தது ஆட்சியாண்டு. அவர் பட்டமேறியது 1012. ஆகவே 10-ஆவது ஆண்டு என்றால் 1021-22. முதல் ஆண்டையும் சேர்த்து எண்ண மறப்பவர்கள் ஓராண்டு தள்ளிப் போய்விடுகிறார்கள். 'ராஜகேசரி', 'பரகேசரி' என்று மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள். சோழர்கள் அந்தப் பட்டங்களை மாறி மாறிச் சூடியவர்கள். எழுத்தின் வடிவத்தையும் பார்த்தே முடிவு கட்ட வேண்டும்.

பிறகு இடப்பெயர். தொண்டை மண்டலம் ஜயங்கொண்ட சோழமண்டலம் ஆயிற்று. அதற்குள் இருந்த சிறு பிரிவான புழற்கோட்டத்தின் பெயரோ நிலைத்தது. பெரிய பிரிவில் இருப்பதுதான் அரசன் வைத்த பெயர், சிறிய பிரிவில் இருப்பது ஊரார் பெயர். நிலதானக் கல்வெட்டில் எனக்கு மிக முக்கியம் நான்கெல்லைதான். ஏரி, வாய்க்கால், வழி எல்லாம் அதில் வரும். அன்றைய ஊரின் வரைபடமே அது.

ஆட்சி மாறியதைக் குடியானவன் உணர்ந்த இடம் நெற்களம். குவியலிலிருந்து தலையாரி, தச்சன், கொல்லன், வண்ணான் முதலியோருக்கான நெல் பங்கான மேரை போகும். மீதியில் மேல்வாரம் அரசுக்கு, குடிவாரம் உழுதவனுக்கு. 1763-இல் நவாப் கொடுத்துக் கம்பெனிக்கு வந்த நிலப்பகுதியான செங்கல்பட்டு ஜாகீரில், கம்பெனிக்காக நிலம் அளந்த பர்னார்டு 1767 முதல் 1774 வரை எடுத்த கணக்குகளில் இந்தப் பங்குகளை ஊர் ஊராகக் காணலாம். சில ஆண்டுக் குத்தகைக்கு வரி வசூலை ஏலம் எடுத்தவனுக்கு ஏரிக்கரையை உயர்த்துவதால் லாபமில்லை. கரை தளர்ந்தால் அடுத்த போகம் போகும், கூடவே மேரையும் போகும்.

உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி தொடங்குகிறதென்றால், சுவரில் சுண்ணாம்போ, சுத்தம் செய்ய மணலைப் பீய்ச்சும் மணல்வீச்சோ படுவதற்கு முன், எழுத்தைத் தாளில் ஒற்றியெடுக்கும் மைப்படி எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். கல்லைப் பிரித்து அடுக்குகிறார்கள் என்றால், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் படம் எடுக்கச் சொல்லுங்கள். வரிசை குலைந்தால் எல்லை ஒரு கல்லிலும் ஆண்டு வேறொரு கல்லிலும் போய் உட்கார்ந்துகொள்ளும்.