மக்காச்சோளத்தை எத்தனை அங்குலத்துல ஊனணும்? ஒரு சகோதரியோட சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருக்காங்க: "நான் மக்காச்சோளத்தை ரெண்டு அங்குலத்துல ஊனினேன். பக்கத்துக் காட்டுல ஒரு அங்குலத்துல ஊனினாங்க, எனக்கு முன்னாடியே முளைச்சு நிக்குது. மேலாக ஊனினா சீக்கிரம் வருதே, நான் ஏன் ஆழமா ஊனணும்? நிலத்துக்கும் இன்னொரு தடவை ரொட்டவேட்டர் விட்டு மாவாக்கியிருக்கணுமோ?"

ரெண்டு நாளா இந்தக் கேள்விதான் மனசுல ஓடிக்கிட்டு இருக்கு. ஏன்னா அவங்க கண்ணால பாத்தது உண்மை. ஈரம் இருந்தா மேலாக ஊனின விதை முந்திதான் வரும். ஆனா அந்த ஒண்ணு ரெண்டு நாள் லாபம், பின்னாடி வேர்ல நஷ்டமா வந்து நிக்கும்.

ரெண்டு அங்குலத்துல ஊனின பயிர் ஒண்ணை மூணு இலையில இருக்கும்போது மண்ணோட தோண்டி எடுத்து, தண்ணியில அலசிப் பாருங்க. அடியில சுருங்கின விதைத் தோல் இருக்கும். அதுலேர்ந்து மேல வெள்ளையா ஒரு தண்டு வரும், ஒரு அங்குலம், கொஞ்சம் கூட. அது முடியிற இடத்துல லேசா ஒரு புடைப்பு. அந்தப் புடைப்புலதான் பயிரைக் கடைசி வரைக்கும் தாங்கப்போற வேர் கிளம்புது. விதையிலேர்ந்து வந்த வேர் ஆரம்பத்துல உதவுறதுக்கு மட்டும்தான்.

இதுல என்னை இன்னைக்கும் அசர வைக்கிற விஷயம் ஒண்ணு. ரெண்டு அங்குலத்துல ஊனினாலும் சரி, மூணு அங்குலத்துல ஊனினாலும் சரி, அந்தப் புடைப்பு தரையிலேர்ந்து சுமார் முக்கால் அங்குலம் கீழதான் வந்து நிக்கும். வெள்ளைத் தண்டு நீண்டு அதை அங்க கொண்டுவந்து சேர்த்துடும். எப்படித் தெரியுது அதுக்கு? வெளிச்சத்தை வச்சு. முளையோட நுனி தரையைத் தொட்டு வெளிச்சம் பட்டதும், "போதும், நிறுத்து"ன்னு கீழ சேதி போகுது, தண்டு வளர்றது நிக்குது.

ஒரு அங்குலத்துல ஊனினா நீள இடமே இல்லை. புடைப்பு தரையை ஒட்டி உக்காந்துடும். மழையில மேல் மண்ணு அமுங்கினா இன்னும் மேல வந்துடும். புது வேர் நீட்டுற நேரத்துல மேல் மண்ணு காஞ்சு சூடா கிடந்தா, வேர் நுனி மண்ணுக்குள்ள போகாமலே கருகும். பாக்கப் பச்சையா இருக்கும், காத்து அடிச்சா வரிசையா சாயும். ஆட்டிப் பாத்தா ஒத்தை வெள்ளைத் தண்டுல நிக்கும்.

அதனால ஒன்றரை அங்குலத்துக்குக் குறைஞ்ச ஆழத்துல ஊனாதீங்க. ரெண்டு அங்குலம் நல்ல அளவு, ஆள்காட்டி விரல் நுனியிலேர்ந்து ரெண்டாவது கணு வரைக்கும்னு வச்சுக்கலாம். மணல் பாங்கான மண்ணு, மேல காஞ்சு கிடக்குதுன்னா, ஈரத்தைத் தேடி ரெண்டரை, மூணு கூட போகலாம். ஈரமும் குளிரும் உள்ள களிமண்ல ஒன்றரையே போதும்.

இப்ப ரொட்டவேட்டர். மாவாக்காதீங்க. மாவான மண்ணு மேல ஒரு நல்ல மழை பெஞ்சு வெயில் காஞ்சா ஓடு மாதிரி இறுகிடும். அந்த மாதிரி ஒரு காட்டுல இறுகின மேல் மண்ணை விரலால பேத்துப் பாத்தேன். முளை மேல வர வழியில்லாம சுருண்டு சுருண்டு மடிஞ்சு, இலை மண்ணுக்குள்ளயே மஞ்சளா விரிஞ்சு கிடந்துச்சு. கட்டி கட்டியா விட்டாலும் ஆகாது. இடுக்கு வழியா வெளிச்சம் உள்ள போனா, தரைக்கு வந்துட்டோம்னு நினைச்சு இலை உள்ளயே விரிஞ்சுடும். விதையைச் சுத்தி மண்ணு பொலபொலன்னு, ஆனா விதையை அணைச்சு இருக்கணும். மேல கோலிக்குண்டு அளவுக்குச் சின்னக் கட்டி கிடந்தா நல்லதுதான், ஓடு கட்டாது.

பதம் தப்பி விதைச்சு நானே பட்டிருக்கேன். ஒரு வருஷம் மழை மேகத்தைப் பாத்து அவசரப்பட்டு, ஈரம் அடங்காத மண்ல விதைக்கிற கருவியை இறக்கிட்டேன். முளைச்சது நல்லாத்தான் முளைச்சுது. ஒரு மாசம் கழிச்சுப் பயிர் வாடுது, பக்கத்துலயே ஈரம் இருக்கு. தோண்டினா, கருவி கீறின பள்ளத்தோட ரெண்டு பக்கமும் மெழுகினாப்ல வழவழன்னு இருக்கு. வேர் அதைத் துளைக்க முடியாம, சால் போன திசையிலயே விசிறி மாதிரி தட்டையா ஓடியிருக்கு. அன்னையிலேர்ந்து, விதைக்கிற ஆழத்துலேர்ந்து ஒரு பிடி மண்ணு எடுத்து உருட்டி, கட்டை விரலால அமுக்காம நான் விதைக்கிறதில்லை. உதிர்ந்தா விதைக்கலாம். நாடா மாதிரி நீண்டுச்சுன்னா காத்திருக்கணும்.

சகோதரி, உங்க கிட்ட நான் கேக்க விரும்புறது வேற. உங்க காட்டுல முதல் முளை வந்ததுக்கும் கடைசி முளை வந்ததுக்கும் எத்தனை நாள் இடைவெளி? மக்காச்சோளத்துல இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்றேன். நெல்லு தூர் கட்டி இடத்தை நிரப்பிக்கும். மக்காச்சோளம் பெரும்பாலும் ஒரு பயிர், ஒரு கதிர். ரெண்டு இலை பிந்தின பயிர், முந்தினதோட நிழல்ல நின்னு தண்ணியும் உரமும் குடிக்கும், கதிர் மட்டும் சரியா வைக்காது. களை மாதிரிதான். விதை தன் எடையில சுமார் 30 சதவீதம் தண்ணி இழுத்தாத்தான் முளைக்கும். ஒரு விதை ஈரத்துல, அடுத்தது காஞ்ச கட்டிக்குப் பக்கத்துல விழுந்தா எப்படி ஒண்ணா வரும்? வேகமா ஓட்டினா கருவி குதிச்சு, ஒரு விதை மேலாகவும் இன்னொண்ணு ஆழத்துலயும் விழும். ஆழத்தை விட, எல்லாம் ஒரே ஆழத்துல விழுந்துச்சாங்கிறதுதான் எனக்கு முக்கியம்.

அடுத்த தடவை ஒரு வரிசையில முதல் நாள் வந்த பயிர் பக்கத்துல சிவப்புக் குச்சி, ரெண்டு நாள் பிந்தினதுக்கு மஞ்சள், அதுக்கும் பிந்தினதுக்கு வெள்ளைன்னு நட்டு, அறுப்பு வரைக்கும் விடுங்க. கதிரை உரிச்சு வரிசையா அடுக்கினா அளவு கண்ணுக்கே தெரியும்.

இப்போதைக்கு உங்க காட்டுல பத்து இடத்துல பத்துப் பயிரைத் தோண்டி, விதையிலேர்ந்து தண்டுல பச்சை நிறம் ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் அளங்க. வெள்ளையா இருக்கிறது மண்ணுக்குள்ள இருந்த பாகம், அதுதான் நீங்க ஊனின ஆழம். பக்கத்துக் காட்டுலயும் கேட்டுக்கிட்டு ரெண்டு பயிர் எடுத்துப் பாருங்க. அளவுகளை எழுதி அனுப்புங்க, அடுத்த பதிவுல அதை வச்சே பேசலாம்.