ஒரு கை உப்பு எத்தனை கிராம்?

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. அட்டை எப்போதோ கழன்றுவிட்டது. எண்ணெய் பட்டுப் பட்டுச் சில தாள்கள் கண்ணாடிபோல் ஆகி, பின்பக்கத்து எழுத்து முன்பக்கத்தில் தெரிகிறது. கல்யாணமான புதிதில், பாட்டி சொல்லச் சொல்ல அம்மா எழுதிவைத்த சமையல் குறிப்புகள் அவை. எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் "உப்பு தேவைக்கு", "நீர் பார்த்து விடவும்", "பதம் வந்ததும் இறக்கவும்". எவ்வளவு, எத்தனை நிமிடம் என்ற பேச்சே கிடையாது. அந்த நோட்டை நம்பி முதன்முதலாகத் தனியாகச் சமைத்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. பதம் என்றால் எந்தப் பதம்?

பல ஆண்டுகள் கழித்து, பாபிலோனியக் களிமண் பலகைகளைப் பற்றிப் படித்தேன். ஏறக்குறைய 3,700 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டவை. இப்போது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அவை சமையல் குறிப்புகள் என்று படித்துச் சொன்னவர் ழான் போத்தேரோ என்ற பிரெஞ்சு அறிஞர். ஒரு பலகையில் மட்டும் 25 குறிப்புகள். நீர் வை, கொழுப்பைப் போடு, வெங்காயம், பூண்டு சேர் என்று போகின்றன. அளவு? பெரும்பாலும் இல்லை. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. எங்கள் பாட்டியின் நோட்டேதான் அது! அதில் வரும் சில பொருள்களின் பெயர்கள் எதைக் குறிக்கின்றன என்று இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சொல் களிமண்ணில் தங்கிவிட்டது. அந்த ருசியை அறிந்த நாக்குகள் போய்விட்டன.

கோப்பையிலும் கரண்டியிலும் தலைதட்டி அளக்கும் பழக்கம் வீடுகளில் பரவியது மிகப் பிந்தித்தான். 1896-இல் பாஸ்டன் நகரத்துச் சமையல் பள்ளியிலிருந்து ஃபேனி ஃபார்மர் வெளியிட்ட புத்தகம் அதற்கு ஒரு பெரிய காரணம். அவர் செய்தது பெரிய உபகாரம் என்றே நான் நினைக்கிறேன். சொல்லித்தர ஆள் இல்லாத வீட்டிலும் ஒருவர் சமைத்துச் சாப்பிட அது வழி செய்தது.

அதனால் நானும் அம்மாவை அளந்துவிடலாம் என்று இறங்கினேன். அவர் உப்பை அள்ளியதும், சட்டிக்குப் போகும் முன் கையின் கீழே கிண்ணத்தை நீட்டித் தராசில் வைத்தேன். முதல் நாள் 11 கிராம். அடுத்த முறை 14. மூன்றாம் முறை 9. "ஏன் அம்மா, ஒவ்வொரு முறையும் மாறுகிறது?" என்று கேட்டேன். "காய் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரியா வருகிறது?" என்றார். வெங்காயம் வதங்கத் தொடங்கும்போதே ஒரு சிட்டிகை உப்பைத் தூவினார். உப்பு காயிலிருக்கும் நீரை வெளியே இழுப்பதால் அது சீக்கிரம் குழைகிறது. அம்மாவுக்கு அது "தண்ணீர் விடும்", அவ்வளவுதான். நோட்டில் அந்தச் சிட்டிகை இல்லை. பாட்டியும் சொல்லவில்லை, அம்மாவும் எழுதவில்லை. இருவருக்கும் அது சொல்ல வேண்டிய சங்கதியாகவே தோன்றவில்லை.

இப்படிச் சொல்லாமல் விடப்பட்ட ஏதோ ஒன்றோடுதான் பாட்டியின் ஒரு பதார்த்தம் எங்களை விட்டுப் போனது. குறிப்பு இருக்கிறது, பாட்டி இல்லை. ஒவ்வோர் ஆண்டும் அவர் நினைவு நாளில் அம்மா அதைச் செய்வார். சட்டியைத் திறந்து, ருசிகூடப் பார்க்காமல், ஆவியை முகர்ந்ததுமே "இல்லை" என்று தலையசைப்பார். மூக்குக்கு எப்படி இவ்வளவு தெரிகிறது என்று நான் வியந்ததுண்டு. வாசனையை வாங்கும் மூளைப் பகுதி, நினைவையும் உணர்ச்சியையும் ஆளும் பகுதிகளோடு நெருங்கிப் பின்னிக் கிடக்கிறது. வாயில் இருக்கும் உணவின் மணமும் தொண்டை வழியாக மேலேறி மூக்கை அடைகிறது. ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மணம்தான். பாட்டியின் முகமே மங்கி வருகிறது என்று அம்மா ஒருமுறை வருத்தத்தோடு சொன்னார். அந்த மணம் மட்டும் அவருக்குள் மங்கவே இல்லை.

உங்கள் வீட்டிலும் கைப்பக்குவத்தால் சமைக்கும் ஒருவர் இருப்பார். அவரிடம் குறிப்பு கேட்காதீர்கள். கேட்டால் "தேவைக்கு" என்றுதான் சொல்வார். அடுப்பின் பக்கத்தில் போய் நில்லுங்கள். எந்த நேரத்தில் தீயைக் குறைக்கிறார், எப்போது மூடியைச் சாய்த்து வைக்கிறார், எதைக் கண்டு கையை நிறுத்துகிறார் என்று பாருங்கள். நான் பாட்டியிடம் அப்படி நிற்கவில்லை. அந்தக் குறை எனக்குப் பெரிதாகவே இருக்கிறது.

இந்த ஆண்டு அம்மாவும் நானும் சேர்ந்து செய்தோம். வெங்காயத்தை எப்போதையும்விட நெடுநேரம் வதக்கினோம். அம்மா குனிந்து முகர்ந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கிட்டே வந்திருக்கிறது" என்றார். நான் நோட்டை எடுத்து, "பதம் வந்ததும்" என்ற வரிக்குக் கீழே, "வெங்காயத்தின் ஓரம் சிவந்து, சட்டியின் சத்தம் அடங்கும்போது" என்று எழுதினேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். என் கையிலிருந்து பேனாவை வாங்கி, "சத்தம் அடங்கி, இன்னும் கொஞ்சம் கழித்து" என்று திருத்தினார்.

வணக்கம்.