தட்டு ஓரத்துல ஒதுக்கி வெச்சது

மதுரை வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் உசிலம்பட்டி பக்கத்துல ஒரு கிராமத்து ஸ்கூல்ல சத்துணவு சமையல் பாத்தவ, 30 வருஷத்துக்குப் பக்கமா பாத்துட்டு ரிட்டயர் ஆயிட்டேன். "காய்கறியே தொடமாட்டேங்கற பிள்ளைகளுக்கு என்ன செஞ்சு குடுக்கலாம்னு வந்து பேசுங்கம்மா"ன்னு கேட்டாக, அதான் வந்துருக்கேன்.

எங்க மையத்துல மதியம் பிள்ளைக சாப்பிட்டு தட்டு கழுவப் போறப்ப நான் போய் குழாய்ப் பக்கத்துல நின்னுக்குவேன். என்ன மிச்சம் வெச்சிருக்காகன்னு பாக்கத்தான். ஒருத்தன் சாம்பார்ல கெடந்த கத்தரிக்கா சதையத் தின்னுட்டு தோல மட்டும் உருவி ஓரத்துல வெச்சிருப்பான். ஒரு பொண்ணு கறிவேப்பிலை, கடுகு, தக்காளித் தோலு மூணையும் தனித்தனியா ஒதுக்கி வெச்சிருக்கும், அம்புட்டு சுத்தமா ஒதுக்கும் அது. முட்டைக்கோஸ் கூட்டு வெச்ச அன்னைக்கு பாதிப்பேரு தட்டுல அப்படியே கெடக்கும். வருஷக்கணக்கா இதப் பாத்துப் பாத்துத்தான் எனக்கு வெளங்குச்சு, பிள்ளைக "எனக்குப் பிடிக்கல"ன்னு சொல்றப்ப பாதி நேரம் ருசியச் சொல்லல, அது வாயில எப்படிப் படுதுங்கறதச் சொல்லுதுக. வழவழங்குது, நாரு நாரா இருக்கு, தோலு மேலண்ணத்துல ஒட்டிக்கிருது, நாறுது... நாம என்ன ஏதுன்னு கேக்காம அடம் பிடிக்குதுன்னு பேரு வெச்சுடுறோம்.

மூணாப்பு படிச்ச ஒரு பையன், சாம்பார்ல வெண்டைக்கா போட்டா அன்னைக்கு சோத்தையே தொடமாட்டான். பசியோட எந்திரிச்சுப் போயிருவான், காலையிலயும் வீட்டுல சரியா சாப்பிட்டு வராத பிள்ள அவன். எனக்கு மனசு கேக்கல. ஒரு நா பக்கத்துல உக்காந்து "ஏந்தம்பி, என்னய்யா செய்யுது ஒனக்கு?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் பையச் சொன்னான், "ஆயா, மூக்குச்சளி மாதிரி இருக்கு"ன்னு. பிள்ள உள்ளதத்தான் சொல்லிருக்கான், நமக்குத்தான் கேக்கத் தெரியல. மறுநா வீட்டுல இருந்து கொஞ்சம் வெண்டைக்கா வதக்கி எடுத்துட்டுப் போயி அவன் தட்டு ஓரத்துல நாலே நாலு துண்டு வெச்சேன். மோந்து பாத்தான், ஒண்ணக் கடிச்சான், நாலையும் தின்னுட்டு இன்னும் இருக்கான்னு கேட்டான். அதுக்கப்புறம் மையத்துலயும் வெண்டைக்காய தனியா வதக்கிட்டுத்தான் சாம்பார்ல போடுவேன்.

அந்த வதக்கல் எப்படின்னு சொல்றேன், இதுல வேகமா போகக்கூடாது. வெண்டைக்காய முழுசா கழுவி துணியால ஒவ்வொண்ணா துடைச்சுருங்க, ஈரமே இருக்கக்கூடாது, நறுக்குனதுக்கப்புறம் கழுவுனா அம்புட்டுத்தான். மெல்லிசா வட்டமா நறுக்கி, அகலமான இருப்புச்சட்டியில கால் கிலோவுக்கு ரெண்டு ஸ்பூன் கடலெண்ணெய் ஊத்தி நல்லா காஞ்சதும் போட்டு பரப்பி விடுங்க. மூடி போடாதீங்க, மூடுனா ஆவி உள்ளயே தங்கி வழவழப்பு கூடிரும். உப்பும் மொதல்லயே போட வேணாம், உப்பு தண்ணிய இழுத்து வெளிய விடும். அடிக்கடி கிண்டாம அப்பப்ப பெரட்டி விட்டு, நூல் நூலா வர்றது நின்னதும் ஒரு ஸ்பூன் புளித்தண்ணி தெளிங்க, இல்ல ரெண்டு ஸ்பூன் தயிர், புளிப்பு பட்டா மிச்சம் இருக்க வழவழப்பும் அடங்கிரும். கடைசியா உப்பு, கொஞ்சம் மிளகா வத்தல் பொடி, வறுத்த நிலக்கடலைய ஒண்ணு ரெண்டா பொடிச்சுத் தூவி எறக்குங்க. 10, 12 நிமிஷ வேலைதான்.

கத்தரிக்காயும் அப்படித்தான், தோலுதான் பிரச்சனைன்னா அடுப்புல சுட்டு தோல உரிச்சுட்டு, சின்ன வெங்காயம், பச்சமிளகா, புளி வெச்சு கடைஞ்சு குடுங்க, பிள்ளைக இட்லிக்குத் தொட்டுக்கிட்டு தின்னுரும். முட்டைக்கோஸ ரொம்ப நேரம் வேக விட்டா அதுல இருக்க கந்தகச் சத்து நாத்தமா வெளிய வரும், அதான் பிள்ளைக மூக்கப் பொத்துதுக. பொடியா நறுக்கி, மூடாம அஞ்சு நிமிஷம் வதக்கி, பாதி வெந்ததும் தேங்காப்பூ போட்டு எறக்கிருங்க, நாத்தமே இருக்காது.

2013, 14 வாக்குல சத்துணவுல கலவை சாதம் வந்துச்சு. வெஜிடபிள் பிரியாணி, கொண்டக்கடலை புலாவ், தக்காளி சாதம், வெள்ளிக்கிழமையில கறிவேப்பிலை சாதம், கீரை சாதம்னு. கறிவேப்பிலைய ஒதுக்கி ஒதுக்கி வெச்ச அந்தப் பொண்ணு மாதிரி பிள்ளைகெல்லாம் கறிவேப்பிலை சாதத்த வழிச்சு சாப்பிட்டதக் கண்ணால பாத்தேன். அதே எலைதான், எலையா கெடந்தா நாக்குல ஒட்டுது, பொடியா இருந்தா எறங்குது. இத வீட்டுல செய்யறதும் சுளுவுதான். ரெண்டு கைப்பிடி கறிவேப்பிலைய கழுவி நிழல்ல காயப்போட்டு, உளுந்து, கடலைப்பருப்பு, மிளகு, ரெண்டு வத்தல், ரவ்வூண்டு புளி, பெருங்காயம் எல்லாத்தையும் வறுத்து பொடிச்சு டப்பால வெச்சுக்கங்க. சுடுசோத்துல நல்லெண்ணெய் ஊத்தி பெசைஞ்சு குடுத்தா ஸ்கூல் டிபனுக்கும் ஆச்சு. காலையில சாப்பிடாம வர்ற பிள்ளைகளப் பத்தி சொன்னேன்ல, அதுகளுக்குத்தான் காலை உணவுத் திட்டம் வந்துச்சு, 2022 செப்டம்பர் 15ல நம்ம மதுரையில, ஆதிமூலம் ஸ்கூல்லதான் தொடங்குனாக. அதுலயும் உப்புமா, கிச்சடி, பொங்கல்னு குடுத்து கூடவே காய்கறி சாம்பார். கேட்டப்ப எனக்கு அப்படி ஒரு சந்தோசம்.

பொடிச்சுக் குடுங்கன்னு சொல்றேனே, அதுக்காக பிள்ளைக்குத் தெரியாம ஒளிச்சு வெச்சுக் குடுங்கன்னு அர்த்தம் இல்ல. நான் ஒரு தடவ அந்தத் தப்ப பண்ணிட்டேன். பேத்திக்கு அப்ப நாலு வயசு, கேரட்டக் கண்டாலே ஆகாது, நான் கேரட்ட வேக வெச்சு அரைச்சு இட்லி மாவுல கலந்து ஊத்தி "வெறும் இட்லிதான் தாயி"ன்னு சொல்லிக் குடுத்தேன். பிட்டுப் பாத்துட்டா. என்னைய நிமுந்து ஒரு பார்வை பாத்தா, "அம்மாச்சி, நீ பொய் சொன்ன". அதோட கேரட்டும் போச்சு இட்லியும் போச்சு, ஒரு மாசம் வீட்டுல இட்லியே வேணாம்னுட்டா. அப்புறம் சந்தைக்கு கூட்டிட்டுப் போயி நீயே எடு தாயின்னு விட்டேன், ரெண்டு சின்ன கேரட்டா பாத்து எடுத்தா, வீட்டுக்கு வந்து அவளையே கழுவச் சொன்னேன், நான் சீவுனேன், ஊறவெச்ச பாசிப்பருப்பு, எலுமிச்சம்பழம், தேங்காப்பூ போட்டு கோசுமல்லி மாதிரி கிண்டுனது அவதான். அன்னைக்கு ஒரே ஒரு வாய்தான் தின்னா. நான் ஒண்ணும் சொல்லல. அடுத்த வாரம் மூணு வாய்.

இந்த இடத்துலதான் அம்மாமாருக நெறைய பேரு சோந்து போயிடுறீங்க. ரெண்டு தடவ குடுத்தேன் துப்பிட்டான், இனிமே வாங்க மாட்டேன்னு விட்டுடுறீங்க. ரெண்டு வயசுல இருந்து ஆறு வயசு வரைக்கும் புதுச் சாப்பாட்டக் கண்டு பயப்படுறது பிள்ளைகளுக்கு இயற்கை, ஒரு காய ஏத்துக்கறதுக்கு எட்டு, பத்து தடவ, சில பிள்ளைக்கு 15 தடவ கூட ஆகும்னு ஆராய்ச்சி பண்ணவங்களே சொல்றாங்க. அதனால நகத்தளவு வெச்சாப் போதும், ஆனா விடாம வெய்யுங்க, பிள்ளைக்குப் பிடிச்ச சாப்பாட்டோட வெய்யுங்க, திங்கலைன்னா திட்டாதீங்க. பூச்சாண்டி வர்றான் போலீஸ் வர்றாருன்னு மெரட்டி ஊட்டுற காய் அந்தப் பிள்ளைக்கு ஆயுசுக்கும் பிடிக்காமப் போயிரும். செல்போனக் காட்டி ஊட்டுனா என்ன திங்கிறோம்னே அதுக்குத் தெரியாது, பெறகு எப்படி ருசி பழகும்?

இன்னொண்ணு, பசி. நாலு மணிக்கு பாக்கெட் நொறுக்குத்தீனியும் டீயும் குடுத்துட்டு ஏழு மணிக்கு கீரைய நீட்டுனா எந்தப் பிள்ள திங்கும்? டீயில இருக்க துவர்ப்பு கீரை பருப்புல இருக்க இரும்புச்சத்த ஒடம்புல சேரவிடாது. நேரெதிரா எலுமிச்சம்பழம், நெல்லிக்கா, தக்காளி இதெல்லாம் சேர வைக்கும், அதனால எந்தக் கீரையானாலும் எறக்குனதுக்கப்புறம் எலுமிச்சம்பழம் கொஞ்சம் பிழிஞ்சு விடுங்க.

கேழ்வரகு பத்தி ரெண்டு வார்த்தை. 100 கிராம்ல 340 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு, பால்ல 120தான் வரும். களியா கிண்டுனா தொண்டையில எறங்க மாட்டேங்குதுன்னு ஓடுற பிள்ளைக்கு புட்டா அவிச்சு தேங்காப்பூ, நாட்டுச்சக்கரை போட்டுக் குடுங்க, உதிரி உதிரியா இருக்கவும் தின்னுரும்.

ஒண்ண மட்டும் கவனமா கேளுங்க. பிள்ள மொத்தமே நாலஞ்சு சாப்பாடு மட்டும்தான் திங்குது, எட கூடல, வேற எதைக் குடுத்தாலும் ஓங்கரிச்சு வாந்தி எடுக்குதுன்னா அது சமையல்ல சரி பண்ற விசயம் இல்ல, தள்ளிப் போடாம டாக்டர்கிட்ட காட்டிருங்க.

முருங்கக்கீரை அடை சொல்லிட்டு முடிச்சுக்கறேன். கொல்லையில மரம் இல்லாத வீடு நம்ம பக்கம் கொறவு, இல்லாட்டி பக்கத்து வீட்டுல ஒரு கொத்து கேட்டா குடுப்பாக. இட்லி அரிசி ரெண்டு டம்ளர், கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, பாசிப்பருப்பு மூணும் அரை அரை டம்ளர், உளுந்து ரெண்டு ஸ்பூன், வத்தல் ஆறு, பிள்ளைக்கு ஒறைக்கும்னா மூணு போதும். அரிசி புரதத்துல கொறையறது பருப்புல இருக்கு, பருப்புல கொறையறது அரிசியில இருக்கு, ரெண்டும் சேந்தா முழுசா கெடைக்கும். மூணு மணி நேரம் ஊறுனதும் சோம்பு, பெருங்காயம், உப்பு போட்டு கொரகொரன்னு அரைங்க, தோசை மாவு மாதிரி நைசா வேணாம். உருவுன கீரை ரெண்டு கைப்பிடி, பொடியா நறுக்குன சின்ன வெங்காயம் போட்டுக் கலந்து, கல்லுல சின்னச் சின்னதா, பிள்ளை உள்ளங்கை அளவுக்குத் தட்டி நடுவுல ஒரு ஓட்டை போட்டு எண்ணெய் விட்டு மொறுமொறுன்னு எடுங்க. கீரைய உருவுற வேலைய பிள்ளைககிட்டயே குடுங்க, காம்பு கூடக் கெடந்தா பரவாயில்ல, பெறகு நாம பொறுக்கிக்கலாம். தொட்டுக்க ஒரு துண்டு வெல்லம் வெய்யுங்க.

இப்பவே எந்திரிச்சு அரிசி பருப்ப ஊறப்போட்டீங்கன்னா பிள்ளைக ஸ்கூல் விட்டு வர்றதுக்கும் அது ஊறி முடியறதுக்கும் சரியா இருக்கும். வர்றேங்க, வணக்கம்.