செருப்பின் அடியில் அடைபட்ட காற்று

நேயர்களுக்கு வணக்கம். குமரி மாவட்டத்தில் களியக்காவிளைக்கும் குழித்துறைக்கும் இடைப்பட்ட ஊர்களில் வாழ்கிறவர்களுக்கு ரப்பர் பாலையும், சிரட்டையில் உறைந்து ஒட்டும் ஒட்டுப்பாலையும் நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அந்தப் பால் ஷீட்டாகிப் புகைப்புரையில் காய்ந்து, பின்னர் ஹவாய் செருப்பின் நுரைத் தகடாக மாறும்போது நடப்பதைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

அந்தத் தகட்டில் ரப்பர் மட்டும் இல்லை. ரப்பரை மட்டும் நுரைக்க வைத்தால் மிதித்ததும் அமுங்கித் துவளும் என்பதால், ஹை ஸ்டைரீன் ரெசின் என்னும் கடினமான பொருளையும் சேர்க்கிறார்கள். நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளைக் கொண்ட இத்தகைய இரண்டு பொருள்கள், எவ்வளவு பிசைந்தாலும், பெரும்பாலும் ஒன்றில் ஒன்று கரைவதில்லை. ஒன்றன் நடுவே மற்றொன்று நுண்துகளாகச் சிதறி நிற்கும். வாயுக்குமிழி முளைப்பதற்கு வாய்ப்பான இடம் அவை இரண்டும் தொட்டுக்கொள்ளும் அந்த எல்லைதான். துகள்கள் நுண்ணியவையாகவும் நெருக்கமாகவும் இருந்தால் குமிழிகளும் அப்படியே அமையும்.

இளமையில் நான் வேலை பார்த்த சிறு தொழிற்கூடத்தில் இதைக் கண்ணால் கண்டேன். மழைக்கால அதிகாலை ஒன்றில், கலவையைப் பிசையும் மில்லின் உருளைகள் போதிய அளவு சூடேறும் முன்பே ரெசினைப் போட்டுவிட்டோம். தகடுகள் மேலே பார்க்க வழவழப்பாகவே இருந்தன. மேஸ்திரி கத்தியைத் தண்ணீரில் நனைத்து ஒன்றைக் குறுக்கே அறுத்தார். உள்ளே பட்டாணி அளவுக் குழிகள் இருந்தன. அவற்றில் பலவற்றின் ஓரத்தில் கடுகு போல இளகாத ரெசின் மணி ஒட்டியிருந்தது. "மக்களே, இது கலக்கல்ல, சும்மா கூடக் கிடந்திருக்கு" என்றார். கலப்பதும் கூடக் கிடப்பதும் வேறு என்பதை அவ்வளவு தெளிவாக எந்தப் பாடநூலும் எனக்குச் சொன்னதில்லை.

நன்றாகக் கலந்தாலும் நேரம் தவறினால் பயனில்லை. வாயுவைத் தரும் மஞ்சள் பொடியான அசோடைகார்பனமைடு தனியாக ஏறத்தாழ 200 பாகை செல்சியஸில் சிதையும். சிங்க் ஆக்சைடு சேர்ந்தால் அதற்கும் வெகு குறைந்த சூட்டிலேயே சிதையும். ஒரு கிராம் பொடி சுமார் 220 மில்லி லிட்டர் வாயுவைத் தரும், அதில் பெரும்பங்கு நைட்ரஜன். அதே சூட்டில், கலவையில் சேர்த்த கந்தகம் ரப்பர்ச் சங்கிலிகளுக்கு இடையே முடிச்சுப் போடுகிறது. முடிச்சு முந்தினால் தகடு உப்ப இடமின்றி வெடிக்கும்; பிந்தினால் குமிழிச் சுவர்கள் அறுந்து, வாயு வெளியேறி, தகடு படுத்துவிடும். இட்லி மாவில் அரிசி மட்டும் இருந்தால் காற்று தங்குவதில்லை, உளுந்தின் கொழகொழப்பே அதைப் பிடித்து நிறுத்துகிறது. இங்கே அந்தப் பிடிப்பு உரிய நேரத்தில் வந்து சேரவும் வேண்டும். மீண்டும் சொல்கிறேன், முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. சரியாக அமைந்த நாளில், சூட்டோடு அழுத்தும் பிரஸ்ஸைத் திறந்ததும் தகடு அச்சை விட்டுத் துள்ளி வெளியேறி, கண்ணெதிரே நீளமும் அகலமுமாக வளரும். அந்தக் காட்சி எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

நேரம் முடிவதாகச் சைகை வருகிறது. செருப்புக்குப் பயன்படும் மற்றொரு வகையான, பாலிஎத்திலீன் கலந்த ஈ.வி.ஏ. (எத்திலீன் வினைல் அசிடேட்) நுரையைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். செருப்பு வெட்டிய மிச்சத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல்: அதைப் பொடித்துப் புதிய கலவையில் சிறிதளவு சேர்க்கலாம், உருக்கி வார்க்க முடியாது, கந்தகம் போட்ட முடிச்சு வெறும் சூட்டுக்கு அவிழ்ந்து கொடுப்பதில்லை. வணக்கம்.