வருகைக்கு முன்பே பொற்காலம் உண்டு!

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இயேசு கிறிஸ்துவின் இரண்டாம் வருகைக்கு முன்பே இந்தப் பூமியில் ஒரு பொற்காலம் வருமா என்பதுதான் இன்றைய வழக்கு. வரும் என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் போகிற போக்கில் ஒரு குத்து விட்டுப் போனார். "இவங்க சொல்ற பொற்காலம் நம்ம மெட்ரோ வேலை மாதிரி. வரும் வரும்பாங்க, பள்ளம்தான் பெருசாகும்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். தட்டின கையை இறக்காதீர்கள் ஐயா! 2009-ல் வேலை தொடங்கி, நூறடி ரோட்டில் தூணுக்குத் தோண்டினபோதும் இதே பேச்சுதான். 2015 ஜூனில் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்கு ரயில் ஓடியதா இல்லையா? பள்ளத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொன்னவர்கள் எல்லாரும் இன்றைக்கு அதில்தான் ஏறிப் போகிறார்கள்.

எங்கள் கட்சி இதுதான். சுவிசேஷத்தாலும் ஆவியானவராலும் ஜாதிகள், அதாவது உலகத்து ஜனங்கள், மனந்திரும்பி, நீதியும் சமாதானமும் ஓங்கும் நெடுங்காலம் இந்தப் பூமியிலேயே வரும். வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் 20-ல் சொன்ன ஆயிரம் வருஷம் அதுதான். அதன் முடிவில் கர்த்தர் வருவார். சத்துருக்கள் பாதபடியாகும்வரைக்கும், அதாவது காலடியில் அடங்கும்வரைக்கும், என் வலதுபாரிசத்தில் உட்காரும் என்று பிதா கிறிஸ்துவிடம் சொல்வதாகத்தான் சங்கீதம் 110-ஐ வாசிக்கிறோம். அப்படியென்றால் முதலில் வெற்றி, பிறகுதான் வருகை. "கடைசிநாட்களில் கொடிய காலங்கள் வரும்" என்று 2 தீமோத்தேயு 3:1-ஐ வீசினார்கள். அதே அதிகாரம் ஒன்பதாம் வசனம், "ஆனாலும், இவர்கள் அதிகமாய்ப் பலப்படுவதில்லை." அதை ஏன் வாசிக்கவில்லை?

வருகை இதோ வாசலில் என்று நாள் குறித்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்று ஒரு விவசாயி, பிரசங்கியார். வேதத்தை வரி வரியாகப் படித்த நல்ல மனுஷர். தானியேல் 8:14-ல் 2300 நாள் சென்றபின் பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படும் என்றிருக்கிறது. அதுதான் வருகை என்று எடுத்துக்கொண்டார். நாளை வருஷமாக்கினார். கி.மு. 457-லிருந்து எண்ணினார். கழித்தால் 1843. கர்த்தர் வரவில்லை. கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவே பூஜ்ய வருஷம் கிடையாதே, ஒன்றைக் கூட்டு என்றார்கள். 1844! கூட இருந்தவர்கள் தேதியே குறித்தார்கள், அக்டோபர் 22. அறுவடைக் காலம் ஐயா! உருளைக்கிழங்கு மண்ணுக்குள் கிடக்கிறது. தோண்டவில்லை! கர்த்தர் வரும்போது கிழங்கு எதற்கு? சிலர் கடையைப் பூட்டினார்கள். ராத்திரியெல்லாம் விழித்திருந்தார்கள். 23-ஆம் தேதி பொழுது விடிந்தது. கிழங்கு அங்கேயே கிடந்தது! அழுதார்கள் ஐயா, தேம்பித் தேம்பி அழுதார்கள். பிழை கூட்டல் கழித்தலில் இல்லை. பிதா தம்முடைய அதிகாரத்தில் வைத்த காலத்தை நாம் எண்ணப் போனதுதான் பிழை.

இன்னொரு மில்லர் இருக்கிறார். அவரும் வில்லியம் மில்லர்தான்! ஸ்காட்லாந்துக்காரர், 1862-ல் நம்ம மெட்ராசுக்கு வந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியை வளர்த்தெடுத்த முதல்வர். இத்தனை பேருக்கு ஞானஸ்நானம் என்று அவர் கணக்குக் காட்டவில்லை. கிறிஸ்துவின் சிந்தை இந்த நாட்டுக்குள் மெல்ல ஊறட்டும் என்றார். அவரை எங்கள் கட்சி என்று சொந்தம் கொண்டாட மாட்டேன். ஆனால் அந்த மில்லரை நம்பினவர்கள் ஒரு அக்டோபருக்காகக் கிழங்கை விட்டார்கள். இந்த மில்லர், தான் பார்க்கப்போகாத பிள்ளைகளுக்காக வகுப்பறை கட்டினார். 1937-ல் தாம்பரம் போன அந்தக் கல்லூரியில் இன்றைக்கும் மணி அடிக்கிறது!

1914-ல் வந்த முதல் உலகப் போரோடு உங்கள் கொள்கை செத்தது என்றார்கள் எதிரணியினர். செத்தது மனுஷ முன்னேற்றத்தின்மேல் வைத்த நம்பிக்கை. எங்களைப் போலவே நம்பிய அமெரிக்கப் பிரசங்கியார் ஜோனத்தான் எட்வர்ட்ஸ் 1747-ல் எழுதியது ஜெபத்துக்கான அழைப்பு. அதை வாசித்து ஜெபிக்கத் தொடங்கிய இங்கிலாந்து பாப்டிஸ்டுகள் நடுவிலிருந்துதான் மிஷனரி வில்லியம் கேரி 1793-ல் வங்காளத்துக்கு வந்தார்.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். ஒன்றே ஒன்று. 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும் வந்தார். 1719-ல் போய்விட்டார், வயது 36. மீதியை முடித்தவர் அவருக்குப் பின் வந்த மிஷனரி ஷூல்ட்ஸ். "சமுத்திரம் ஜலத்தினால் நிறைந்திருக்கிறதுபோல், பூமி கர்த்தரை அறிகிற அறிவினால் நிறைந்திருக்கும்" என்ற ஏசாயாவின் வசனத்தைத் தமிழ் அச்சில் பார்க்காமலே அந்த மனுஷர் கண் மூடினார். இன்றைக்குப் பெரம்பூரில் ஒரு பாட்டி மூக்குக்கண்ணாடியைப் புடவை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பேரப்பிள்ளைக்கு அந்த வசனத்தை விரல் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். உலகம் கெட்டுத்தான் போகிறது என்று அந்தப் பாட்டியிடம் போய்ச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை ஐயா. தீர்ப்பு எழுதும்போது அவளையும் நினைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.