குண்டு குழலுக்குள் இருக்கும்போது

வணக்கம் நேயர்களே. ரைஃபிள் சுடக் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சார், படுத்துச் சுட்டப்போ பத்துலயே விழுந்துச்சு. அதே துப்பாக்கி, அதே தோட்டா, நின்னு சுட்டா எல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கி விழுது. சைட் கெட்டுப்போச்சா?" சைட், அதாவது குறி பார்க்கும் கருவி, கெடவில்லை. துப்பாக்கியைத் தாங்கும் உடம்பு மாறியிருக்கிறது.

பின்னுதைப்பு என்றதும் தோளில் விழும் இடிதான் நினைவுக்கு வரும். குண்டு போன பிறகு வருவதுதானே, குறியை அது என்ன செய்யும் என்று தோன்றும். ஆனால் குண்டு குழலுக்குள் நகரத் தொடங்கும் அதே கணத்தில் துப்பாக்கியும் பின்னால் நகரத் தொடங்கிவிடுகிறது. 50 மீட்டர் போட்டியில் சுடும் .22 ரைஃபிளையே எடுத்துக்கொள்வோம். குண்டின் எடை சுமார் 2.6 கிராம். குழலைக் கடக்க அதற்கு ஏறக்குறைய 2 முதல் 3 மில்லி விநாடி ஆகும். துப்பாக்கி 6 கிலோ என்றால், அந்த நேரத்துக்குள் அது பின்னால் வருவது கால் மில்லிமீட்டர் அளவுதான்.

அது நேராகப் பின்னால் வந்தால் ஒரு பாதிப்பும் இல்லை. ஆனால் குழல் மேலே இருக்கிறது, தோளில் பதியும் கட்டை அதற்குக் கீழே. உதைப்பு மேல் கோட்டில் வருகிறது, தடுப்பு கீழே இருக்கிறது. அதனால் முனை மேலே எழும்பப் பார்க்கும். தோளும் உடம்பின் நடுவில் இல்லையே, அதனால் பக்கவாட்டிலும் திரும்பப் பார்க்கும். தோளிலிருந்து முனை வரை 1 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முனை 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தால் 50 மீட்டர் தூரத்தில் அது 5 மில்லிமீட்டர். அந்த டார்கெட்டில் பத்துப் புள்ளி தரும் நடு வளையத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான்! நட்டநடுவில் விழ வேண்டிய குண்டு வளையத்தின் ஓரத்துக்குப் போய்விடும்.

இந்த நகர்வு ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருந்தால் கவலையே இல்லை, சைட்டைத் திருகிச் சரிசெய்துவிடலாம். அளவு மாறுவதுதான் தொல்லை. கன்னத்தைக் கட்டையில் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினாலும், துப்பாக்கியைத் தாங்கக் கையில் மாட்டும் வாரான ஸ்லிங்கை ஒரு துளை இறுக்கினாலும், கட்டை தோளில் ஒரு விரற்கடை மேலேறி உட்கார்ந்தாலும் துப்பாக்கி வேறு விதமாக உதைக்கும். குண்டுகள் நெருக்கமாகவே விழும், ஆனால் மொத்தக் குழுவும் இடம் மாறியிருக்கும். மூன்று நிலைப் போட்டியில் மண்டியிட்டு, படுத்து, நின்று என்று ஒவ்வொன்றுக்கும் சைட்டை எத்தனை க்ளிக், அதாவது எத்தனை படி, திருக வேண்டும் என்பதை வீரர்கள் டைரியில் தனித்தனியாக எழுதி வைத்திருப்பது இதற்காகத்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் நாட்டு வீரர் ஸ்வப்னில் குசாலே 451.4 புள்ளி எடுத்து வெண்கலம் வென்றாரே, அது இந்தப் போட்டியில்தான். ஒரே இறுதிச் சுற்றில் மூன்று விதமாக உதைக்கும் துப்பாக்கியைக் கையாள வேண்டும். அந்தப் பதக்கத்தின் அருமை நம் ஊரில் இன்னும் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

ஸ்பிரிங்கால் காற்றை அழுத்தி, அந்தக் காற்றால் குண்டைத் தள்ளும் ஸ்பிரிங் ஏர் ரைஃபிளின் கதை வேறு. விசையை அழுத்தியதும் உள்ளே இருக்கும் கனமான பிஸ்டன் முன்னால் பாய, துப்பாக்கி பின்னால் வரும். காற்று அழுந்தி பிஸ்டனை நிறுத்தியதும் துப்பாக்கி முன்னால் குதிக்கும். இவ்வளவும் குண்டு வெளியே போவதற்குள்! இதை இறுக்கிப் பிடித்தால் அடக்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் நிறைய. "நல்லா டைட்டா பிடி" என்று சொல்லிக்கொடுப்பதையும் கேட்டிருக்கிறேன். அது தவறான பாடம். நம் பிடியின் இறுக்கம் ஒவ்வொரு முறையும் மாறும், அதோடு குண்டும் அலையும். விரித்த உள்ளங்கையில், எப்போதும் ஒரே இடத்தில், துப்பாக்கியைச் சும்மா வைத்துக்கொள்ளுங்கள். அது தன் போக்கில் குதிக்கட்டும். சிமென்ட் திண்டு, மரப்பலகை மாதிரி கெட்டியான பரப்பில் நேராக வைத்துச் சுடவும் வேண்டாம். துப்பாக்கி துள்ளும், குண்டு பெரும்பாலும் மேலே போகும். மணல் மூட்டை வைக்கலாம், அதையும் முன்கட்டைக்கு அடியில் வையுங்கள். குழலுக்கு அடியில் வைத்தால் அதன் அதிர்வே மாறிப்போகும்.

என்.சி.சி. மாணவர்களுக்கும் கிளப்பில் பழகுகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது, வழக்கமான பிடியில் 5 குண்டு சுடுங்கள். அப்புறம் ஸ்லிங்கை ஒரு துளை தளர்த்தி, வேறு எதையும் மாற்றாமல், இன்னொரு அட்டையில் 5 குண்டு. இரண்டு அட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு குழுக்களின் நடுப்புள்ளிகளுக்கும் எவ்வளவு இடைவெளி, எந்தத் திசையில் என்று எழுதிக்கொள்ளுங்கள். போட்டியில் நிலை மாறும்போது கணக்கில் சேராத குண்டுகள் சுட்டுப் பார்க்க நேரம் இருக்கிறது. அப்போது ஒரே ஒரு குண்டைப் பார்த்துவிட்டு சைட்டைத் திருகாதீர்கள். மூன்று நான்கு விழட்டும், டைரியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு கை வையுங்கள். நன்றி, வணக்கம்.