போர்வைக்குள் தவழ்ந்த தாய்

நடுவர் அவர்களுக்கும், இரு அணியினருக்கும், பெங்களூருவின் நெரிசலைக் கடந்து வந்து அமர்ந்திருக்கும் தமிழ் நெஞ்சங்களுக்கும் வணக்கம். அறிவியல் புனைதொடர்களில் நம்மை உலுக்குவது அறிவியல் வியப்பா, உறவின் ஈர்ப்பா என்பது தலைப்பு. உறவின் ஈர்ப்பே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி ஒரு கேலியை வீசிவிட்டுக் கைத்தட்டலை அள்ளிக்கொண்டு போய் அமர்ந்துவிட்டார். "இஸ்ரோ இருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, கம்பளிப் போர்வைக்குள் ஆள் தவழ்வதைப் பார்த்து இவர்கள் அழுகிறார்கள். அழத்தான் வேண்டும் என்றால் மாமியார் மருமகள் தொடர் போதாதா, அதற்கு விண்கலம் எதற்கு?" என்று கேட்டார். நடுவர் அவர்களே, அந்தப் போர்வையை இந்த மேடையிலேயே விரித்துக் காட்டாமல் நான் இறங்கப்போவதில்லை.

தம்பி கேலி செய்தது, 1967 மார்ச் 9 அன்று ஒளிபரப்பான, ஸ்டார் டிரெக் என்னும் அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் 'தி டெவில் இன் தி டார்க்' என்னும் பகுதியை. ஏதோ ஒரு கோளில் ஒரு சுரங்கம். அங்கே வேலை செய்பவர்களைப் பாறையைக் கரைத்துக்கொண்டு வரும் ஒரு பிராணி ஒருவர் பின் ஒருவராகக் கொல்கிறது. அதைக் கொல்ல விண்கலத்தின் கேப்டன் கிர்க்கும் அவருடைய துணை அதிகாரி ஸ்பாக்கும் வருகிறார்கள். உள்ளே ஆள் இருந்தது உண்மைதான். யானோஷ் புரோஹாஸ்கா என்ற கலைஞர் தாமே வடிவமைத்த அந்த உடைக்குள் புகுந்து தவழ்ந்தார். அதனால் என்ன? வட ஆற்காட்டுத் தெருக்கூத்தில் பாஞ்சாலி வேடம் கட்டியவர் பக்கத்துத் தெரு ஆண்பிள்ளை என்பது ஊருக்கே தெரியும்; துகிலுரியும் கட்டம் வந்தால் ஊரே அழவில்லையா?

இந்தப் பகுதியை நான் என் அம்மாவோடு பார்த்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அவர் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில். தாத்தா அங்கே சுரங்கத் தொழிலாளி. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. எனவே படம் தொடங்கியதுமே அம்மா கட்சி கட்டிவிட்டார், தொழிலாளர்கள் பக்கம். இருட்டில் தனியாகக் காவல் நின்றவனைப் பார்த்து, "இவனை ஏன் ஒத்தையில விட்டுட்டுப் போறாங்க?" என்று பதறினார். அவன் அலறியபோது அம்மாவும் கூடவே அலறினார். "அந்தச் சனியனைச் சுட்டுத் தள்ளுங்கடா" என்று கேப்டனுக்கே உத்தரவு போட்டார்.

இனிதான், நடுவர் அவர்களே, தம்பி காது கொடுத்துக் கேட்க வேண்டிய இடம். சுரங்க அதிகாரியின் மேசை மேல், பார்வைக்கு வைத்ததுபோல், உருண்டையாக ஒரு கல் இருக்கிறது. கீழ்த்தளத்தில் ஆயிரக்கணக்கில் கிடைத்தது, ஒன்றுக்கும் உதவாது என்கிறார் அதிகாரி. ஸ்பாக் அதைக் கையில் எடுத்து, புருவத்தை உயர்த்தி யோசிக்கிறார். இந்தப் பக்கம் அம்மா முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டு, "அது முட்டைடி" என்றார். நான் நம்பவில்லை, கல் என்றுதானே சொல்கிறார்கள் என்றேன். "கல்லு எதுக்கு எல்லாம் ஒரே அளவுல இருக்கு? அத்தனையும் முட்டை. அடைகாக்குற கோழிகிட்டக் கை வெச்சா அது கொத்தாம என்ன பண்ணும்?" என்றார். தொட்டு மனத்தை அறியும் ஆற்றல் படைத்த ஸ்பாக், காயம்பட்ட அந்தப் பிராணியைத் தொட்டு, அதன் வலியைத் தன் வலியாகக் கதறி, பிறகே கண்டுபிடித்த உண்மையை, அம்மா முறுக்குத் தட்டின் முன் உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டார்!

அது சிலிக்கானால் ஆன உயிர், நம்மைப்போல் கரிமத்தால் ஆனதன்று, அதுவே அந்தக் கதையின் வியப்பு என்றார் தம்பி. அறிவியலை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. காற்றுமண்டல நியூட்ரினோக்கள் என்னும் நுண்துகள்களை 1965இல் கண்டறிந்ததும் அதே தங்கவயலின் ஆழத்தில்தான். அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் சிலிக்கான் என்ற சொல்லையே அறியாத அம்மா, மருத்துவர் மெக்காய் அந்தப் பிராணியின் புண்ணைச் சிமெண்டுக் கலவையால் பூசி மூடியபோது, தன் கையையே தடவிக்கொண்டார்.

விண்கலம் எதற்கு என்று கேட்டீர்களே, தம்பி. வீட்டில் ஓடும் தொடர்களில் அம்மா முதல் நாள் எந்தப் பக்கம் சேர்ந்தாரோ, ஆண்டுக்கணக்கில் அந்தப் பக்கமே இருப்பார்; கொடுமைக்காரி என்று முடிவு செய்தவளை அவர் மன்னித்ததே இல்லை. அப்படிப்பட்டவர் ஒரு மணி நேரத்துக்குள், தன் அப்பாவைப் போன்ற தொழிலாளர்களைக் கொன்ற ஓர் உயிரின் பக்கம் போய் நின்றார் என்றால், அவ்வளவு தொலைவு அவரை ஏற்றிச் செல்ல அந்த விண்கலம் தேவைப்பட்டது.

முடிவில் தொழிலாளர்களும் அந்தத் தாயும் சமாதானமாகிறார்கள். பொரிந்த குஞ்சுகள் பாறையைக் குடைய, மனிதர்கள் கனிமத்தை எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார், "கீழ போனவங்க எல்லாரும் மேல வந்துட்டாங்கதானே?" வேளை கெட்ட வேளையில் சுரங்கத்தில் விபத்துச் சங்கு ஊதினால், பாட்டி அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சுரங்க வாசலுக்கு ஓடுவாராம், இடுப்பில் இருந்த அந்தப் பிள்ளை என் அம்மா. 2001இல் சுரங்கத்தை மூடினார்கள். தாத்தாவும் போய்விட்டார். பாறை வெடித்த நாள்களைப் பற்றி எங்களிடம் வாயே திறந்திராத அம்மா, அன்று இரவு முழுவதும் பேசினார்.

இந்த அரங்கில் தங்கவயலிலிருந்து வந்த குடும்பங்கள் இருப்பீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களை அருகில் உட்கார வைத்து இந்தப் பகுதியைப் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் பேசத் தொடங்கினால் நிறுத்தச் சொல்லாதீர்கள். நடுவர் அவர்களே, எங்கள் அணிக்கே தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.